சர்வர் எந்த நாட்டில் இருக்க வேண்டும்? சுங்கை சிப்புட் சிறுதொழில்களுக்கு ஓர் ஒப்பீடு

சுங்கை சிப்புட் பட்டணத்திலும், எல்ஃபில், டோவன்பி போன்ற தோட்டங்களைச் சுற்றிய பகுதிகளிலும் வீட்டிலிருந்தே தொழில் செய்பவர்கள் நிறையப் பேர். முறுக்கும் அதிரசமும் போட்டு விற்கிறார்கள், கல்யாணச் சமையல் எடுக்கிறார்கள், மணவறை அலங்காரம் செய்கிறார்கள், பிளவுஸ் தைக்கிறார்கள், டியூஷன் நடத்துகிறார்கள். அகப்பக்கம் ஒன்று வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்த உடனே இவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியில் வந்து நிற்கிறார்கள். அகப்பக்கத்தின் கோப்புகளை எப்போதும் இணையத்தில் இருக்கும் ஒரு கணினியில் (சர்வர்) வைத்துத் தரும் வாடகைச் சேவைதான் ஹோஸ்டிங். அதை மலேசியாவில் வாங்குவதா, வெளியே வாங்குவதா? விற்க வருபவர், "சர்வர் மலேசியாவில் இல்லையென்றால் கூகுள் உங்களை உள்ளூர்க்காரர்களுக்குக் காட்டாது" என்கிறார். வீட்டில் கணினி படித்த தம்பி, "எங்கே இருந்தாலும் ஒன்றுதான் அக்கா, மலிவானதைப் பாருங்க" என்கிறான்.

இரண்டிலும் பாதி உண்மை இருக்கிறது. ஆனால் அந்தப் பாதியை நம்பிப் பணம் கட்டுவது சிறு வருமானத்தில் ஓடும் குடும்பங்கள். அதனால் கொஞ்சம் நிதானமாகவே பார்ப்போம். என் முடிவை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: சர்வர் இருக்கும் நாடு தேடல் வரிசையை நேரடியாக மாற்றுவது மிகவும் குறைவு. பக்கம் திறக்கும் வேகத்திலும், பழுது வந்தால் யாரைக் கூப்பிடலாம் என்பதிலும்தான் அது உங்களைப் பாதிக்கிறது.

## எதை வைத்து ஒப்பிடுவது?

நான் ஐந்து விஷயங்களைப் பார்க்கிறேன். உங்கள் தளம் எந்த நாட்டுக்கானது என்று கூகுளுக்குப் புரிகிறதா, பக்கம் எவ்வளவு சீக்கிரம் திறக்கிறது, மூன்று ஆண்டுகளுக்குச் சேர்த்து மொத்தம் எவ்வளவு செலவாகும், பழுது வந்தால் யார் பார்ப்பார்கள், வாடிக்கையாளர் விவரங்கள் எங்கே சேமிக்கப்படுகின்றன. முதல் இரண்டில்தான் குழப்பம் அதிகம் என்பதால் அவற்றை விரிவாகச் சொல்கிறேன்.

நாட்டு அடையாளம். ஒரு தளம் யாருக்கானது என்று கணிக்க கூகுள் பல குறிப்புகளைச் சேர்த்துப் பார்க்கிறது. டொமைன், அதாவது தளத்தின் இணைய முகவரி, டாட் மை என்று முடிந்தால் அது பலமான குறிப்பு. பக்கத்தில் உள்ள முகவரி, தொலைபேசி எண், விலை எழுதியிருக்கும் நாணயம், மொழி, உள்ளூர்த் தளங்களிலிருந்து வரும் இணைப்புகள், கூகுள் தேடலிலும் வரைபடத்திலும் கடையைக் காட்டும் கூகுள் பிசினஸ் ப்ரொஃபைல் கணக்கு ஆகியவையும் உண்டு. சர்வரின் ஐபி முகவரியும் (இணையத்தில் அதன் அடையாள எண்) இந்தப் பட்டியலில் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அது உறுதியான குறிப்பு அல்ல என்று கூகுளின் வழிகாட்டியே சொல்கிறது. பல தளங்கள் நல்ல வசதியுள்ள வேறு நாட்டில் சர்வர் வைத்திருக்கின்றன, பல தளங்கள் சிடிஎன் (தளத்தின் நகலைப் பல நாட்டு சர்வர்களில் வைத்து, அருகில் உள்ளதிலிருந்து வழங்கும் சேவை) பின்னால் நிற்கின்றன என்று காரணமும் தருகிறது. கிளவுட்ஃபிளேர் போன்ற சிடிஎன் பின்னால் நிற்கும் தளத்தின் உண்மையான சர்வர் ஐபி வெளியே தெரிவதே இல்லை. அந்த நிலையில் "மலேசிய ஐபி தருகிறோம்" என்று தனிக் கட்டணம் கேட்டால் கொடுக்கத் தேவையில்லை.

தேடுபவரின் பக்கத்தையும் பார்க்க வேண்டும். 2017 அக்டோபரிலிருந்து, எந்த நாட்டுக் கூகுள் முகவரியைத் திறந்தாலும் தேடுபவர் நிற்கும் இடத்தை வைத்தே முடிவுகள் வருகின்றன. வரைபடத்தோடு மேலே வரும் மூன்று கடைகளைக் கூகுள் பொருத்தம், தூரம், பிரபலம் என்ற மூன்றை வைத்துத் தேர்ந்தெடுக்கிறது. இதில் தூரம் என்பது தேடுபவருக்கும் கடைக்கும் உள்ள தூரம். லிந்தாங் சாலையில் நிற்பவர் கைப்பேசியில் முறுக்கு தேடினால் உங்கள் வீடு எவ்வளவு பக்கம் என்றுதான் கணக்குப் போடப்படும். சர்வர் சைபர்ஜெயாவில் இருக்கிறதா, டெக்சாஸில் இருக்கிறதா என்பது அந்தக் கணக்கில் வராது.

தள உரிமையாளர்களுக்குக் கூகுள் தரும் தேடல் கன்சோல் என்ற கருவியில் "என் தளம் மலேசியாவுக்கானது" என்று குறிக்க முன்பு ஒரு வசதி இருந்தது. 2022 செப்டம்பரில் கூகுள் அதை எடுத்துவிட்டது. இன்னமும் அதைச் செய்து தருவதாகச் சொல்லி யாராவது பணம் கேட்டால் சுதாரித்துக்கொள்ளுங்கள்.

வேகம். சர்வர் இருக்கும் இடம் உண்மையாகவே கணக்கில் வருவது இங்கேதான். ஒளியிழையில் ஒளி வினாடிக்குச் சுமார் 2,00,000 கிலோமீட்டர் போகும். பேராக்கிலிருந்து சிங்கப்பூர் போய்த் திரும்பச் சில மில்லிவினாடிகள் போதும். வழியில் உள்ள கருவிகளின் தாமதத்தையும் சேர்த்தால் வீட்டு ஃபைபரில் பொதுவாக 20 மில்லிவினாடி அளவில் முடியும். அமெரிக்க மேற்குக் கரை ஏறக்குறைய 14,000 கிலோமீட்டர். கேபிள் நேர்க்கோட்டில் போனாலே போய்த் திரும்ப 140 மில்லிவினாடி ஆகும், நடைமுறையில் 200 அளவில் வரும்.

ஒரு பக்கம் திறக்க ஒரு பயணம் போதாது. இணைப்பு ஏற்படுத்த ஒன்று, பாதுகாப்புப் பூட்டு போட ஒன்று, பக்கத்தைக் கேட்டு வாங்க ஒன்று என்று குறைந்தது மூன்று. அமெரிக்காவில் இருந்தால் அதற்கே 0.6 வினாடி போய்விடும். சர்வர் யோசிக்கும் நேரம் தனி. முதல் பைட், அதாவது சர்வர் அனுப்பும் பதிலின் முதல் துணுக்கு, 0.8 வினாடிக்குள் வருவது நல்லது என்பது கூகுள் வகுத்த அளவு. பக்கத்தின் பெரிய படமோ தலைப்போ 2.5 வினாடிக்குள் தெரிய வேண்டும் என்பது இன்னொரு அளவு. தூரத்து சர்வர் இந்த நேரத்தில் நல்ல பங்கை ஆரம்பத்திலேயே தின்றுவிடுகிறது.

ஆனால் நம் ஊர்த் தளங்களில் நான் அதிகம் பார்க்கும் தாமதம் வேறு. வாழையிலைச் சாப்பாட்டைக் கைப்பேசியில் படம் எடுத்து, 4 மெகாபைட் கோப்பை அப்படியே முகப்பில் ஏற்றிவிடுகிறார்கள். செம்பனைக் காட்டுக்கு நடுவே சிக்னல் ஒரு கோடு காட்டும் இடத்தில் வேகம் 2 எம்பிபிஎஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் படம் இறங்க 16 வினாடி ஆகும். அதே படத்தைச் சுருக்கி 150 கிலோபைட் வெப்பி கோப்பாக (படத்தைச் சிறிய அளவில் சேமிக்கும் வகை) மாற்றினால் 0.6 வினாடி. சர்வரை அமெரிக்காவிலிருந்து கோலாலம்பூருக்குக் கொண்டுவந்தால் மிச்சமாவது அரை வினாடி சொச்சம். படத்தைச் சுருக்கினால் மிச்சமாவது 15 வினாடிக்கு மேல், அதுவும் காசில்லாமல்.

இன்னொன்று. வேகத்தைக் கூகுள் தரவரிசைக்கு எடுத்துக்கொள்வது உண்மைதான், ஆனால் அது பல அம்சங்களில் ஒன்று. குரோம் பயன்படுத்தும் நிஜ மனிதர்களின் 28 நாள் அனுபவத்திலிருந்து அந்த எண்கள் வருகின்றன. வருகை குறைவான சிறு தளங்களுக்கு அந்த அறிக்கையில் பெரும்பாலும் எண்ணே இருக்காது. அதற்காக வேகம் வேண்டாம் என்று அர்த்தமில்லை. பக்கம் திறக்காததால் ஆர்டர் கொடுக்காமல் போன வாடிக்கையாளர் கூகுளைவிடப் பெரிய காரணம்.

## வழி 1: மலேசியாவிலேயே வாங்குவது

தூரம் மிகக் குறைவு. பில் ரிங்கிட்டில் வரும், எஃப்பிஎக்ஸ் மூலம் வங்கியிலிருந்து நேராகக் கட்டலாம். நம் நேரத்தில் போனை எடுப்பார்கள். டாட் காம் டாட் மை டொமைன் எடுக்க நிறுவனப் பதிவு விவரம் தேவைப்படும், அந்த வேலையை உள்ளூர் நிறுவனம் கூடவே முடித்துத் தரும்.

சர்வர் வைக்க நாட்டில் இடமில்லாத காலமும் மாறிவிட்டது. அமேசான் தன் மலேசிய வட்டாரத்தை, அதாவது சர்வர்களை வாடகைக்கு விடும் தரவு மையத் தொகுதியை, 2024 ஆகஸ்டில் திறந்தது. அதே ஆண்டு மே மாதம் கூகுள் 200 கோடி டாலர் முதலீட்டை அறிவித்தது, அதன் தரவு மையத்துக்குத் தேர்ந்த இடம் சிலாங்கூரில் உள்ள எல்மினா. எல்மினா என்பது எஸ்டேட்டாக இருந்த நிலம். நம் பாட்டிமார்கள் விடியலில் ரப்பர் பால் எடுக்க மரம் வெட்டப் போன மாதிரி மண்ணில் இன்று கணினிக் கூடங்கள் எழுகின்றன. அந்த மாற்றத்தில் நம் பிள்ளைகளுக்கு வேலையும் வர வேண்டும் என்ற ஆசை எனக்கு நிறைய உண்டு.

மறைந்திருக்கும் செலவுகளைப் பார்ப்போம். "உள்ளூர் ஹோஸ்டிங்" என்று விற்பவர்களில் சிலர் மறுவிற்பனையாளர்கள். அலுவலகம் ஈப்போவில் இருக்கும், சர்வர் வேறு கண்டத்தில் இருக்கும். சர்வர் எந்த ஊரில் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அடுத்தது நெரிசல். ஒரே சர்வரில் நூற்றுக்கணக்கான தளங்களை அடைத்துவிட்டால், 5 மில்லிவினாடி தூரத்தில் இருந்தும் பக்கத்தைத் தயாரிக்கவே இரண்டு வினாடி எடுக்கும். வாங்குமுன் அவர்களின் வேறு வாடிக்கையாளர் தளம் ஒன்றைக் கேட்டு, இரவு எட்டு மணி வாக்கில் உங்கள் கைப்பேசியில் திறந்து பாருங்கள்.

வாடிக்கையாளர்கள் முக்கால்வாசி பேராக்கிலும் பக்கத்து மாநிலங்களிலும் இருந்தால், வீட்டில் கணினி தெரிந்தவர் யாரும் இல்லையென்றால், இதுதான் சரியான வழி. கிளினிக், டியூஷன் போல ஆட்களின் சொந்த விவரங்களை வாங்கிச் சேமிப்பவர்களுக்கும் இதையே சொல்வேன். 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வணிகக் காரியங்களுக்கு வாங்கும் விவரங்களுக்குப் பொருந்தும், அவற்றை வெளிநாட்டுக்குக் கொண்டுபோவதற்கு நிபந்தனைகள் உண்டு. நாட்டுக்குள்ளேயே வைத்துக்கொண்டால் அந்தத் தலைவலி குறையும்.

## வழி 2: சிங்கப்பூர்

வேகத்தில் மலேசியாவுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தை உங்கள் வாடிக்கையாளர் உணரவே மாட்டார். நாட்டு அடையாளத்தில் பயப்பட ஒன்றுமில்லை. டொமைன் டாட் மை, முகவரி சுங்கை சிப்புட், விலை ரிங்கிட்டில் என்று இருக்கும் ஒரு தளத்தை, ஐபி சிங்கப்பூர் என்பதற்காகக் கூகுள் சிங்கப்பூர்க் கடை என்று எடுத்துக்கொள்ளாது.

இங்கே விற்பது பெரும்பாலும் விபிஎஸ், அதாவது வெறும் சர்வர். மாதக் கட்டணம் குறைவாகத் தெரியும். அப்டேட் போடுவது, பேக்கப் எடுப்பது, ஊடுருவியவனை வெளியேற்றுவது எல்லாம் உங்கள் பொறுப்பு. அதற்கு ஆள் வைத்தால் அந்தக் கட்டணம் ஹோஸ்டிங்கைத் தாண்டிவிடும். பில் பெரும்பாலும் அமெரிக்க டாலரில் வரும். 2024 பிப்ரவரியில் ஒரு டாலர் 4.80 ரிங்கிட்டை நெருங்கியது, அதே ஆண்டு செப்டம்பரில் 4.20க்குக் கீழே வந்தது. சிறு தொகைக்கு இது பெரிதில்லை, ஆனால் மூன்று ஆண்டுக்கு முன்பணம் கட்டுபவர் கவனிக்க வேண்டும். வெளிநாட்டு டிஜிட்டல் சேவைகளுக்கு 2020 முதல் சேவை வரி உண்டு, 2024 மார்ச்சிலிருந்து அது 8 சதவீதம். விளம்பரத்தில் போடும் விலையில் அது பெரும்பாலும் சேர்ந்திருக்காது.

குடும்பத்தில் லினக்ஸ் (இந்த சர்வர்களில் ஓடும் இயங்குதளம்) தெரிந்த ஒருவர் உறுதியாக இருந்தால் இதை எடுக்கலாம். ஜோகூர், சிங்கப்பூர் பக்கமும் ஆர்டர் போகிறதென்றால் இன்னும் பொருத்தம்.

## வழி 3: சென்னை அல்லது மும்பை

சொந்தக்காரர் சென்னையில் இருக்கிறார், அவரே தளத்தைச் செய்து ஹோஸ்டிங்கும் போட்டுத் தருகிறார். நம்மவர்களிடம் இது சகஜம். தமிழில் பேசிப் புரியவைக்கலாம் என்பது பெரிய வசதி, அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. தூரமும் மோசமில்லை. பாதை நேராக அமைந்தால் அமெரிக்காவைவிடப் பல மடங்கு சீக்கிரம்.

ஆபத்து சர்வரில் இல்லை, கூடவே வரும் டொமைனில் இருக்கிறது. மலிவாகக் கிடைக்கிறதென்று டாட் இன் முகவரியை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். அது இந்தியாவுக்கான தளம் என்று கூகுளுக்குச் சொல்லும் பலமான குறிப்பு. மலேசிய சர்வருக்கு மாற்றினாலும் அது போகாது, டொமைனையே மாற்ற வேண்டியிருக்கும். இன்னொரு சிக்கல், டொமைன் சொந்தக்காரரின் மின்னஞ்சலில் பதிவாகியிருப்பது. உறவில் சின்ன மனக்கசப்பு வந்தாலும் கடையின் பெயர் கையை விட்டுப் போய்விடும். டொமைன் எப்போதும் உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில் இருக்க வேண்டும்.

தமிழ்நாட்டு வாசகர்களோ மாணவர்களோ அதிகம் உள்ளவர்களுக்கு, உதாரணமாக இணையவழி இசை வகுப்பு எடுப்பவர்களுக்கு, இது நல்ல தேர்வு. சுங்கை சிப்புட் கேட்டரிங்குக்கு இதில் தனி லாபம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

## வழி 4: அமெரிக்க மலிவுப் பேக்கேஜ், முன்னால் சிடிஎன்

முதல் ஆண்டு விலை ஆசை காட்டும். புதுப்பிக்கும்போது இரண்டு மடங்கும் அதற்கு மேலும் ஏறுவது இந்த வியாபாரத்தில் வழக்கம். ஆர்டர் கொடுக்கும் பக்கத்தில் "புதுப்பிப்பு விலை" என்று சின்ன எழுத்தில் இருப்பதைப் படித்துவிட்டு மூன்று ஆண்டுக்குக் கணக்குப் போடுங்கள். உள்ளூர் விலையை அது எட்டிவிடுவதைப் பலமுறை பார்க்கலாம்.

தூரத்தைச் சமாளிக்கக் கிளவுட்ஃபிளேரின் இலவசத் திட்டத்தை முன்னால் வைக்கச் சொல்வார்கள். நல்ல யோசனைதான், ஒரு விஷயம் தெரிந்து செய்தால். அது தானாகச் சேமித்துவைப்பது படங்கள், ஸ்டைல் கோப்புகள் போன்றவற்றை மட்டுமே. பக்கத்தின் எழுத்தும் அமைப்பும் அடங்கிய ஹெச்டிஎம்எல்லைச் சேமிக்காது. அதனால் முதல் பைட் ஒவ்வொரு தடவையும் அமெரிக்கா போய்த்தான் வரும். ஹெச்டிஎம்எல்லையும் சேமிக்கத் தனியாக விதி போட வேண்டும். அடிக்கடி மாறாத விலைப்பட்டியல், மெனு போன்ற தளங்களில் அந்த விதியைப் போட்டால், மூல சர்வர் எங்கே இருக்கிறது என்ற கேள்வியே பெரும்பாலும் அடங்கிவிடும். கூடையும் லாகினும் உள்ள விற்பனைத் தளத்தில் கண்ணை மூடிக்கொண்டு போட்டால், ஒருவரின் பக்கம் இன்னொருவருக்குத் தெரியும் அபாயம் உண்டு.

## வழி 5: அகப்பக்கமே இல்லாமல் பிசினஸ் ப்ரொஃபைல் மட்டும்

ஆர்டர் எல்லாம் வாட்ஸ்அப்பில் வருகிறது, பொருள் ஆறோ ஏழோ வகைதான் என்றால் முதலில் இதைச் செய்யுங்கள். இலவசம், வரைபடத்தில் வர இதுதான் வாசல். வீட்டில் தொழில் செய்யும் பெண்கள் முகவரியை மறைத்துவிட்டு, எந்தெந்த ஊருக்குக் கொண்டுபோய்க் கொடுப்பீர்கள் என்று மட்டும் காட்டலாம். கடைப் பெயரோடு "பெஸ்ட் முறுக்கு சுங்கை சிப்புட்" என்றெல்லாம் ஒட்டாதீர்கள். அது விதிமீறல், கணக்கே முடங்கலாம்.

குறை என்னவென்றால் இடம் அவர்களுடையது. பிசினஸ் ப்ரொஃபைல் வழியாக இலவசமாகக் கட்டிக்கொண்ட தளங்களைக் கூகுள் 2024 மார்ச்சில் மூடியது. அதை மட்டுமே நம்பியிருந்தவர்களுக்கு வேறு முகவரி இல்லை.

## பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தால்

| வழி | நாட்டு அடையாளம் | வேகம் | கவனிக்க வேண்டிய செலவு |
|---|---|---|---|
| மலேசியா | சிறு சாதகம் | மிக நன்று, நெரிசல் இல்லாவிட்டால் | மறுவிற்பனையாளர், அடைத்த சர்வர் |
| சிங்கப்பூர் | பாதகம் இல்லை | மிக நன்று | பராமரிப்பு ஆள், டாலர் விலை |
| சென்னை, மும்பை | டாட் இன் எடுத்தால் பாதகம் | பரவாயில்லை | டொமைன் யார் பெயரில் என்பது |
| அமெரிக்கா, சிடிஎன் | பாதகம் இல்லை | விதி போட்டால் நன்று | புதுப்பிப்பு விலை |
| ப்ரொஃபைல் மட்டும் | வரைபடத்தில் பலம் | கவலை இல்லை | இடம் சொந்தமில்லை |

## அப்போ எதை எடுப்பது?

புதிதாகத் தொடங்கும் சமையல், அலங்கார, தையல் தொழில்களுக்கு: ப்ரொஃபைல் முதலில், அப்புறம் டாட் மை அல்லது டாட் காம் டாட் மை டொமைன், பிறகு மலேசியப் பகிர்வு ஹோஸ்டிங் (ஒரே சர்வரைப் பல தளங்கள் பகிர்ந்துகொள்வது). இந்த வரிசை முக்கியம். டொமைனுக்கும் ஹோஸ்டிங்குக்கும் ஒரே காசுதான் இருக்கிறது, ஒன்றைத்தான் நல்லதாக வாங்க முடியும் என்றால் டொமைனில் போடுங்கள்.

ஏற்கெனவே அமெரிக்க சர்வரில் தளம் உள்ளவர்கள் அவசரப்பட வேண்டாம். கட்டிய காலம் முடியும்வரை அங்கேயே இருக்கட்டும். அதற்குள் படங்களைச் சுருக்குங்கள், சிடிஎன் போடுங்கள், ஒவ்வொரு பக்கத்திலும் முகவரியும் தொலைபேசி எண்ணும் ப்ரொஃபைலில் உள்ளபடியே இருக்கட்டும். பக்கங்களைத் தமிழில் மட்டும் வைக்காதீர்கள். நம்மவர்களிலேயே பலர் கைப்பேசியில் மலாயில்தான் தேடுகிறார்கள், தீபாவளி முறுக்குக்கு ஆர்டர் கொடுக்கும் மலாய், சீன அண்டை வீட்டார்களும் இருக்கிறார்கள். மலாயில் ஒரு பக்கம், தமிழில் ஒரு பக்கம் வைத்து, எந்தப் பக்கம் எந்த மொழிக்கு என்று கூகுளுக்குச் சொல்லும் ஹெச்ரெஃப்லாங் குறியால் இரண்டையும் இணைத்துவிடுங்கள். சர்வர் மாற்றத்தைவிட இந்த வேலை உங்களை அதிகம் முன்னால் கொண்டுவரும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

மாற்றுவது என்று முடிவானால் தீபாவளிக்கு முந்தைய இரண்டு மாதங்களைத் தவிர்த்துவிடுங்கள். பக்க முகவரிகள் ஒன்றுகூட மாறக்கூடாது. முகவரி மாறாமல் சர்வர் மட்டும் மாறினால் கூகுள் புது சர்வரைச் சில நாள் மெதுவாக மேய்ந்து பார்த்துவிட்டுப் பழைய வேகத்துக்கு வந்துவிடும். மாற்றுவதற்கு ஓரிரு நாள் முன்பே டிஎன்எஸ்ஸில் (டொமைன் எந்த சர்வரைக் காட்டுகிறது என்ற பதிவு) டிடிஎல்லை, அதாவது பழைய பதிவை மற்ற கணினிகள் நினைவில் வைத்திருக்கும் நேரத்தை, குறைத்துவையுங்கள். கடையின் மின்னஞ்சலும் அதே ஹோஸ்டிங்கில் ஓடுகிறதா என்று பாருங்கள், பலர் இதை மறந்து ஆர்டர் மெயில்களை இழக்கிறார்கள். புதுத் தளம் ஓடத் தொடங்கியதும் பழையதை உடனே நிறுத்த வேண்டாம். பழைய சர்வரின் லாக்கில், அதாவது வருகைப் பதிவில், கூகுள்பாட்டும் (தளங்களை மேயும் கூகுளின் நிரல்) ஆட்களும் வருவது முழுதாக நின்ற பிறகு ரத்து செய்யுங்கள்.